குருப்பட்டத்தின் வழி

திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவர்களின் பேச்சு வழக்கிலே ‘ஐயர்’ என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. சபையை நடத்தும் குருவானவரையே அவர்கள் அவ்வாறு அழைப்பர். குருவானவரின் மனைவியார் ‘ஐயரம்மா’ எனப்படுவார். சபையிலே நோயுற்றவரைக் காண்பதும், பெண்களைக் கூட்டி வேதம் கற்பிப்பதும், வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைப்பதும் ஐயரம்மாவின் பணிகள். ஆனால், திருவிருந்து மேசைக்குப் பின்னே நின்று அப்பத்தை ஆசீர்வதிக்கும் உரிமை அவருக்கு இல்லை. இன்றோ சில ஊர்களிலே ‘ஐயரம்மா’ என்று சொன்னால், குருவானவரின் மனைவியைச் சொல்கிறார்களா, குருவானவரையே சொல்கிறார்களா என்று கேட்டுத் தெளிய வேண்டியிருக்கிறது. ஒரு சொல்லின் பொருள் இவ்வாறு விரிவடைய ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அந்த வரலாற்றையும், இன்று குருப்பட்டம் பெற விழையும் ஓர் ஆணோ பெண்ணோ நடக்கவேண்டிய வழியையும் இங்கே சுருக்கமாக நோக்குவோம்.

மும்பை மாநகரின் கிழக்கோரத்திலே, காட்கோபருக்கும் காஞ்சூர்மார்க்கிற்கும் இடையே அமைந்திருப்பது விக்ரோலி. ஒருபுறம் தாணே உப்பங்கழியும் அதன் அலையாத்திக் காடும். மறுபுறம் குன்றுச் சரிவுகள். 1943ஆம் ஆண்டில் பிரோஜ்ஷா கோத்ரெஜ் இங்கே நிலம் வாங்கித் தொழிற்சாலைகளை எழுப்பினார். சுதந்தர இந்தியாவின் முதற் பொதுத்தேர்தலுக்கான வாக்குப் பெட்டிகள் பெருந்தொகையாகச் செய்யப்பட்டது இவ்வூரிலேதான். பின்னர்த் தாகூர் நகர், கன்னம்வார் நகர் போன்ற குடியிருப்புகள் தோன்றின. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய இடங்களைப் போலவே இங்கும் பிழைப்பு நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் வேரூன்றின. வானம் பார்த்த தென்மாவட்டப் பூமியைவிட்டு வந்தவர்கள் தங்கள் மூட்டையோடு வழிபாட்டையும் கொண்டு வந்தார்கள். அவர்களுள் கிறிஸ்தவர்களும் இருந்தனர். புதிதாகக் குடியேறிய இடத்திலே கோயில் எழும்புமுன் ஒரு வீட்டுக்கூடமே கோயிலாகும்; குருவானவர் வருமுன் எழுத்தறிந்த ஒரு மூத்தவரோ, பாடத் தெரிந்த ஒரு தாயோ ஜெபத்தை நடத்துவார். புலம்பெயர்ந்தோர் சபைகள் தோன்றும் பொதுவான முறை இது. பணி முதலிலே வருகிறது. பட்டம் பின்னே வருகிறது. நாம் காணப்போகும் வரலாறு முழுவதற்கும் இதுவே திறவுகோல் எனலாம்.

முதலில் சில பெயர்களைத் தெளிவு செய்துகொள்வோம். கிறிஸ்தவ சபைகளுள் பேராயரைத் தலைமையாகக் கொண்டு இயங்குபவை ஒருவகை. ஆங்கிலிக்கன் சபையும், அமெரிக்காவில் எபிஸ்கோப்பல் என்று பெயர் பெற்ற சபையும் இவ்வகையின. ‘எபிஸ்கோப்பொஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு மேற்பார்வை செய்பவர் என்பது பொருள். பழைய தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதனை ‘அத்தியட்சர்’ என மொழிபெயர்த்தனர். இன்று ‘பேராயர்’ என்கிறோம். இச்சபைகளிலே திருப்பணி மூன்று படிநிலைகளை உடையது. முதலாவது உதவிக் குருவாகிய டீக்கன். அச்சொல்லுக்குப் பணிவிடை செய்பவர் என்று பொருள். இரண்டாவது பிரஸ்பிட்டர், மூப்பர் என்பது அதன் பொருள். இவரையே ஆயர் என்றும் குருவானவர் என்றும் வழங்குகிறோம். முல்லை நிலத்திலே மந்தை மேய்த்த ஆயரின் பெயரை மக்களை மேய்ப்பவருக்குத் தமிழ் தந்தது பொருத்தமே. மூன்றாவது பேராயர். இவர் ஒருவரே மற்றவர்களுக்குப் பட்டமளிக்கும் அதிகாரம் உடையவர். இவ்வதிகாரம் யார் கையிலிருந்து யார் தலைக்குச் செல்லலாம் என்பதே நம் நாட்டுத் திருச்சபை வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வினா.

தமிழர் ஒருவர் குருப்பட்டம் பெற்றது 1733ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள். டென்மார்க்கு நாட்டவரின் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியிலே, கடலூரைச் சேர்ந்த ஆரோன் என்பவருக்கு லுத்தரன் குருமார் கைவைத்துப் பட்டமளித்தனர். சீகன்பால்கு அவ்வூரில் கரையிறங்கி அப்போது 27 ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தியப் புராட்டஸ்டாண்டுக் குருமாருள் முதல்வர் ஆரோனே. பட்டம் பெறுமுன் அவர் உபதேசியாராக ஊர் ஊராகச் சென்று பணிபுரிந்தவர் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் 1790இல் தஞ்சையில் சத்தியநாதன் என்பவர் பட்டம் பெற்றுப் பாளையங்கோட்டைச் சபையைப் பேணினார். அச்சபைக்குக் கோயில் கட்டித் தந்தவர் குளோரிந்தா என்னும் அம்மையார் என்பதும், அது 1785இல் கட்டப்பட்டது என்பதும் யாவரும் அறிந்த செய்தி. திருநெல்வேலித் திருச்சபையின் முதற் கோயிலுக்கு அடிக்கல் ஒரு பெண்ணின் முயற்சி. அதைப் பேணும் பட்டமோ ஓர் ஆணுக்கு வந்தது. அக்காலத்தில் இதை யாரும் வினாவாக எழுப்பவில்லை.

மேற்கூறிய இருவரும் லுத்தரன் முறையிலே பட்டம் பெற்றவர்கள். பேராயர் வழியாகப் பட்டம் பெறும் ஆங்கிலிக்கன் முறையிலே இந்தியருக்குக் கதவு திறக்க மேலும் காலம் பிடித்தது. 1814இல் கல்கத்தாவில் பேராயம் அமைந்து, மிடில்டன் என்பவர் முதற் பேராயராக வந்தார். இந்தியருக்குப் பட்டமளிக்கத் தமக்குச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்பதில் அவருக்கு ஐயம். அரசு அளித்த ஆணைப்பத்திரத்தில் அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. எனவே தகுதியுடையோர் காத்திருக்க, அவர் பட்டமளியாமலே காலமானார். 1823இல் ஆங்கிலப் பாராளுமன்றம் சட்டமியற்றி அந்தத் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டு பேராயர் ஹீபர் தஞ்சையைச் சேர்ந்த கிறிஸ்டியன் டேவிட் என்பவருக்குப் பட்டமளித்தார். டேவிட் அவர்கள் சுவார்ட்சு ஐயரின் மாணவர். யாழ்ப்பாணத்திலே பல்லாண்டு உபதேசியாராகப் பணிசெய்தவர். ஒரு தமிழர் ஆங்கிலிக்கன் குருவானவராவதற்கு இலண்டன் மாநகரிலே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைக்கும்போது, பட்டம் என்பது எத்துணைத் தொலைவிலிருந்து வந்தது என்பது விளங்கும்.

இத்தொலைவு ஒரு பெரும் பூசலையும் விளைவித்தது. பாளையங்கோட்டையில் 1820 முதல் பணிபுரிந்த ரேனியஸ் ஐயர் பிறப்பால் ஜெர்மானியர். லுத்தரன் முறையில் பட்டம் பெற்றவர். பணியமர்த்தியதோ ஆங்கிலிக்கன் சங்கம். அவர் காலத்தில் ஊர்தோறும் சபைகள் பெருகின. உபதேசிமார் போதித்தனர், ஆனால் ஞானஸ்நானமும் திருவிருந்தும் கொடுக்கக் குருமார் போதவில்லை. தம் உபதேசிமாருக்குத் தம் சபை முறைப்படியே பட்டமளிக்க ரேனியஸ் விரும்பினார். பேராயர் கைவைத்தாலன்றி அது செல்லாது என்று சங்கத்தார் உறுதியாய் நின்றனர். இக்கருத்து வேறுபாடு முற்றி, அவருடைய எழுத்துகளைப் பற்றிய வழக்கும் சேர்ந்து, 1835இல் அவர் அப்பணியிலிருந்து நீக்கப்பட்டார். உபதேசிமாருட் பலர் அவர் பக்கம் சாய்ந்தனர். சபை இரண்டாய்ப் பிளவுபட்டு நின்றது. மக்களுக்குத் தேவை ஒருபுறம், மரபின் ஒழுங்கு மறுபுறம். இவ்விரண்டும் மோதும்போது உண்டாகும் துன்பத்திற்கு இது தக்க சான்று.

பூசல் இவ்வாறிருக்க, ஒழுங்கின் வழியாகவே மெல்ல மெல்ல இந்தியக் குருமார் தோன்றலாயினர். தரங்கம்பாடியிற் கற்ற ஜான் தேவசகாயம் 1830இல் உதவிக் குருவாகப் பட்டம் பெற்றார். பின்னர்த் திருநெல்வேலிச் சீமையில் கடாட்சபுரத்திலே நெடுங்காலம் பணியாற்றினார். 1835இல் சென்னைக்கும் 1837இல் பம்பாய்க்கும் தனித்தனிப் பேராயங்கள் அமைந்தன. பட்டமளிக்கும் கை இவ்வாறு சற்று அருகில் வந்தது. ஆயினும் அக்கை இன்னும் வெள்ளையர் கையாகவே இருந்தது.

அந்நிலை 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் மாறியது. வெள்ளாளன்விளையில் 1874இல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா அன்று கல்கத்தாப் பேராலயத்திலே தோர்னக்கல் பேராயராக அருட்பொழிவு பெற்றார். இந்தியர் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயரானது அதுவே முதன்முறை. அவரும் நேரே பட்டத்தை நாடிச் சென்றவரல்லர். வாலிபர் சங்கத்திலும், இந்தியரே பொருளுதவி செய்து நடத்திய மிஷனரிச் சங்கத்திலும் உழைத்தவர். தமிழ்நாட்டைவிட்டுத் தெலுங்கு நாட்டிற்குச் சென்று, அம்மொழியைக் கற்று, மக்களிடையே வாழ்ந்த பின்னரே 1909இல் குருப்பட்டம் பெற்றார். தாய்நிலம் விட்டு வேற்றுமொழி நாட்டிலே பணிசெய்யும் தமிழருக்கு அவர் வாழ்க்கை ஒரு வழிகாட்டி. விக்ரோலித் தமிழருக்கும் இது பொருந்தும்.

1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்திலே தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எனப் பிரிந்திருந்தோர் ஒன்றாயினர். முன்பு பேராயரின்றிப் பட்டம் பெற்ற குருமாரை மறுபடியும் பட்டம் பெறச் சொல்லாமல் அப்படியே ஏற்றுக்கொண்டனர். இனி வரும் பட்டங்கள் யாவும் பேராயர் கையால் வழங்கப்படும் என்றும் முடிவுசெய்தனர். ரேனியஸ் காலத்தில் சபையைப் பிளந்த சிக்கல் நூற்றுப்பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு இணக்கமாகத் தீர்ந்தது. வடக்கே, 1970 நவம்பர் 29ஆம் நாள் நாகபுரியில் வட இந்தியத் திருச்சபை தோன்றியது. பம்பாய்ப் பேராயம் இதன் உறுப்பாயிற்று. கோட்டைப் பகுதியில் 1718இல் திறக்கப்பட்ட புனித தோமா ஆலயமே இப்பேராயத்தின் பேராலயம். இன்றைய மும்பையில் வட இந்தியத் திருச்சபையைச் சேர்ந்த தமிழ்ச் சபைகளும் உள்ளன. தென்னிந்தியத் திருச்சபையோடு தொடர்புடைய தமிழ்ச் சபைகளும் உள்ளன.

இதுவரை சொன்ன வரலாற்றிலே பட்டம் பெற்றோர் அனைவரும் ஆடவர். ஆனால் பணிசெய்தோர் அனைவரும் ஆடவரா? ஜான் தேவசகாயத்தின் மகள் அன்னாள். அவர் மணந்த டபிள்யூ. டி. சத்தியநாதன் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டைச் சீயோன் ஆலயத்தின் குருவானவர். தந்தைக்கும் பட்டம், கணவருக்கும் பட்டம். அன்னாளோ பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தினார்; வீட்டைவிட்டு வெளிவராத மகளிரை அவர்கள் வீடு தேடிச் சென்று கற்பித்தார். ஆடவராகிய எந்தக் குருவானவரும் நுழைய முடியாத வீடுகள் அவை. இவரைப் போன்றோரின் அடியொற்றி ‘பைபிள் அம்மாமார்’ எனப்பட்ட எளிய பெண்கள் ஊர் ஊராக நடந்தனர். பலர் கைம்பெண்கள். அவர்கள் எழுத்துக் கற்பித்தனர், நோயாளியைப் பேணினர், சாகும் தறுவாயில் இருந்தோர் அருகே அமர்ந்து ஜெபித்தனர். அவர்கள் பெயர்கள் பதிவேடுகளிலே பெரும்பாலும் இல்லை.

நாம் பேசும் மும்பைக்கு அணித்தான ஒரு சான்றையும் சொல்லவேண்டும். பண்டித ரமாபாய் 1883இல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1889இல் பம்பாயிலே கைம்பெண்களுக்காக சாரதா சதன் என்னும் இல்லத்தைத் தொடங்கினார். முதுமையில் எபிரேயமும் கிரேக்கமும் கற்று, விவிலியம் முழுவதையும் மராத்தியிலே மொழிபெயர்த்து முடித்து, 1922இல் மறைந்தார். மூலமொழியில் வேதத்தைக் கற்றுத் தம் மக்கள் மொழியில் தந்த பெண்மணிக்கு எந்தத் திருச்சபையும் குருப்பட்டம் அளிக்கவில்லை; அளிக்கலாம் என்று அக்காலத்தில் எண்ணியவரும் அரியர். வேதத்தை எழுதலாம், ஆனால் அதை மேடையேறி வாசித்துத் திருவிருந்து நடத்தலாகாது என்பதே நடைமுறை.

மறுத்தோரின் வாதங்களையும் நேர்மையோடு எடுத்துரைப்பது நம் கடன். இயேசு தேர்ந்த பன்னிருவரும் ஆடவர் என்றனர் சிலர். இரண்டாயிரம் ஆண்டு மரபை ஒரு சபை தனித்து மாற்றினால் பிற சபைகளோடு கொண்ட உறவு கெடும் என்றனர் சிலர். நம் நாட்டிலே தீட்டு என்னும் எண்ணமும் சொல்லப்படாமலே குறுக்கே நின்றது. தனியே ஒரு பெண் பல ஊர்ச் சபைகளுக்குப் பயணம் செய்வது எங்ஙனம், மணமானால் கணவர் எவ்வூரில் வாழ்வார் என்று நடைமுறை பேசியோரும் உண்டு. ஏற்போர், உரோமையருக்கு எழுதிய நிருபத்திலே பெபேயாள் என்னும் பெண் சபையின் ஊழியக்காரியாகக் குறிக்கப்படுவதையும், உயிர்த்தெழுந்தவரை முதலில் கண்டு அறிவித்தவர் மகதலேனா மரியாள் என்பதையும் எடுத்துக்காட்டினர். ஆயினும் வாதத்தால் திறவாத கதவைத் தேவை திறந்தது.

அது நிகழ்ந்தது சீனத்திலே. இரண்டாம் உலகப்போர்க் காலம். மக்காவ் நகரிலே அகதிகள் நிறைந்த ஆங்கிலிக்கன் சபையை லீ டிம் ஓய் என்னும் பெண் உதவிக் குரு நடத்தி வந்தார். ஜப்பானியப் படைகள் சூழ்ந்திருந்தமையால் திருவிருந்து நடத்தக் குருவானவர் எவரும் அங்கே செல்ல இயலவில்லை. ஹாங்காங் பேராயர் ஹால் 1944 ஜனவரி 25ஆம் நாள் அவருக்கு முழுக் குருப்பட்டம் அளித்தார். ஆங்கிலிக்கன் உலகிலே முதற் பெண் குருவானவர் அவரே. போர் முடிந்ததும் எதிர்ப்பு எழுந்தது. தம் பேராயருக்கு இடர் நேராதிருக்க, 1946இல் அவர் குருத்துவப் பணிபுரியும் உரிமத்தைத் தாமே விட்டுக்கொடுத்தார். பட்டத்தை மட்டும் துறக்கவில்லை. 1971இல் ஹாங்காங் பேராயம் பெண்களுக்கு முறைப்படி பட்டமளிக்கத் தொடங்கியபோது அவருடைய குருத்துவமும் ஏற்கப்பட்டது.

அமெரிக்க எபிஸ்கோப்பல் சபையில் 1974 ஜூலை 29ஆம் நாள் பிலடெல்பியா நகரிலே, சபையின் அனுமதி பெறாமலே, 11 பெண்களுக்குப் பதவியிலிருந்து விலகிய பேராயர்கள் பட்டமளித்தனர். பெருங்கிளர்ச்சி உண்டாயிற்று. 1976இல் அச்சபையின் பொதுமன்றம் பெண்களின் குருத்துவத்தை ஏற்றது. 1989இல் பார்பரா ஹாரிஸ் ஆங்கிலிக்கன் உலகின் முதற் பெண் பேராயரானார், அவர் கறுப்பினத்தவர். தாய்ச்சபையாகிய இங்கிலாந்துத் திருச்சபையோ 1992இல் இசைந்து, 1994இலேதான் முதன்முதலாகப் பெண்களுக்குக் குருப்பட்டம் அளித்தது. அங்கே முதற் பெண் பேராயர் வந்தது 2015இல். 2025 அக்டோபரில், முன்னாளில் செவிலியராய் இருந்த சாரா முல்லல்லி கேன்டர்பரிப் பேராயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற அறிவிப்பு வெளியாயிற்று.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். தென்னிந்தியத் திருச்சபையில் எலிசபெத் பால் அம்மையார் குருப்பட்டம் பெற்றது 1976ஆம் ஆண்டு. இங்கிலாந்துத் திருச்சபைக்கு 18 ஆண்டுகள் முன்னதாகவே நம்மவர் இப்படியை ஏறினர் என்பது கருதத்தக்கது. மிடில்டன் காலத்தில் இலண்டனின் இசைவுக்குக் காத்திருந்த திருச்சபை, தன் காலில் நின்று தன் முடிவைத் தானே எடுக்கும் நிலைக்கு வந்துவிட்டது. 2013இல் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பேராயராக அருட்பொழிவு பெற்றார். அசரியா பணிசெய்த தெலுங்கு நாட்டிலேயே, அவர் பேராயராகி 101 ஆண்டுகளுக்குப் பின், ஒரு பெண் பேராயர் தோன்றினார். இலங்கைத் திருச்சபை 2006இல் முதன்முறையாகப் பெண்களுக்குக் குருப்பட்டம் வழங்கியது. வட இந்தியத் திருச்சபையிலே 2024இல் வயலட் நாயக் அம்மையார் ஒடிசாவின் புல்பானிப் பேராயத்திற்குப் பேராயரானார். அத்திருச்சபையின் முதற் பெண் பேராயர் அவர். எனவே மும்பைப் பேராயம் அடங்கிய திருச்சபையிலே இன்று மூன்று படிநிலைகளும் பெண்களுக்குத் திறந்திருக்கின்றன.

ஆகவே விக்ரோலியிலே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், ‘நானும் ஆயராகப் பணிசெய்வேன்’ என்று இன்று சொன்னால், அவள் நடக்கவேண்டிய வழி யாது? ஆணுக்கும் வழி அதுவே. முதலில் அவள் ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் பெற்று, திருவிருந்தில் பங்குகொள்ளும் உறுப்பினராய் இருக்கவேண்டும். ஞாயிறு பள்ளியிலோ, வாலிபர் கூட்டத்திலோ, பாடகர் குழுவிலோ அவள் பணி சபையாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அழைப்பு உள்ளத்தில் எழுவது; ஆனால் அதை உள்ளம் மட்டும் உறுதிசெய்ய முடியாது என்பதே இச்சபைகளின் கொள்கை. ஆதலால் தன் ஆயரிடம் கூறி, சபைக் குழுவின் பரிந்துரையைப் பெறவேண்டும். பின்னர்ப் பேராயத்தின் தேர்வுக் குழு அவளை நேர்கண்டு வினவும். கல்வித் தகுதி, உடல்நலம், குடும்பச் சூழல், நடத்தை யாவும் ஆராயப்படும். பேராயர் ஒப்பினால் அவள் அப்பேராயத்தின் மாணவியாக இறையியற் கல்லூரிக்கு அனுப்பப்படுவாள்.

கல்லூரிகள் பல. பேராயர் மிடில்டன் 1820இல் கல்கத்தாவில் நிறுவிய பிஷப் கல்லூரி, 1910இல் பெங்களூரில் தொடங்கிய ஐக்கிய இறையியற் கல்லூரி, 1969இல் மதுரை அரசரடியில் அமைந்த தமிழ்நாடு இறையியற் கல்லூரி ஆகியவை குறிப்பிடத்தக்கன. இவற்றின் பட்டங்களை வழங்குவது செராம்பூர்க் கல்லூரியின் பேரவை. 1818இல் தோன்றிய அக்கல்லூரிக்கு 1827இல் பட்டமளிக்கும் உரிமையைத் தந்தவர் டென்மார்க்கு மன்னர். ஆரோன் பட்டம் பெற்ற தரங்கம்பாடியும், இன்றைய மாணவரின் சான்றிதழில் காணும் செராம்பூரும் ஒரே அரசின் நிழலில் இருந்த ஊர்கள். பட்டதாரிகளுக்கு இப்படிப்பு நான்கு ஆண்டு. விவிலியம், அதன் மூலமொழிகள், திருச்சபை வரலாறு, சமயங்களின் ஒப்பீடு, சமூகவியல், போதிக்கும் கலை, துயருற்றோரைத் தேற்றும் முறை ஆகியவை பாடங்கள். விடுமுறைகளில் சபைகளிலும் மருத்துவமனைகளிலும் பயிற்சி உண்டு.

படிப்பு முடிந்தவுடன் பட்டம் வந்துவிடாது. ஒரு மூத்த ஆயரின் கீழ்ப் பயிற்சிப் பணி செய்யவேண்டும். அதன்பின் பேராயர் கைவைத்து உதவிக் குருவாக்குவார். உதவிக் குரு போதிக்கலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், திருவிருந்தில் துணைநிற்கலாம். திருவிருந்தைத் தாமே நடத்த இயலாது. பழைய ஆங்கில ஜெப நூல் உதவிக் குருவுக்கு 23 வயதும் குருவானவருக்கு 24 வயதும் நிரம்பவேண்டும் என விதித்தது. இக்காலத்திற் பலர் இதற்கும் பிந்திய வயதிலேயே பட்டம் பெறுகின்றனர். பணியிலே தேறியபின் ஆயர் பட்டம் வழங்கப்படும். அச்சடங்கிலே கருத்தூன்றிப் பார்க்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. பட்டம் பெறுவோரைப் பேராயர் முன்னே நிறுத்துவர். அவர் உடனே கைவைத்துவிடுவதில்லை. கூடியிருக்கும் மக்களை நோக்கி அவர்கள் மனத்தைக் கேட்பார். மக்கள் இசைந்த பின்னரே தூயாவியாரை வேண்டும் பாடலும் ஜெபமும் நிகழும். பேராயரோடு ஆயர்களும் சேர்ந்து தலைமேல் கைவைப்பர். பின்னர் விவிலியம் கையில் கொடுக்கப்படும்.

மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவ்வழியிலே தனியான ஒரு மேடும் உண்டு, ஒரு பேறும் உண்டு. மேடு என்பது மொழி. விக்ரோலியிலே வளரும் பிள்ளை பள்ளியில் மராத்தியோ இந்தியோ ஆங்கிலமோ கற்கிறது. வீட்டிலே பேசும் தமிழ் ஆராதனை நூலின் தமிழைப் படிக்கப் போதுமானதாய் இருப்பதில்லை. தாத்தாவின் மரணப் படுக்கையருகே அவர் அறிந்த தமிழில் ஜெபிக்கத் தெரியாத ஆயர், எத்தனை பட்டங்கள் பெற்றிருந்தும் அங்கே அயலாரே. ஆதலால் தமிழ்ச் சபைக்கு ஆயராக விழைவோர் தமிழைப் படித்தே ஆகவேண்டும். பேறு என்னவெனில், மூன்று நான்கு மொழிகளில் மக்களோடு உரையாடும் ஆற்றல் இப்பிள்ளைகளுக்குத் தெருவிலேயே கிடைத்துவிடுகிறது. மும்பைப் பேராயத்தின் ஆயர் இன்று தமிழ்ச் சபையிலும், ஊர்மாற்றத்திற்குப் பின் மராத்திச் சபையிலும் நிற்க நேரலாம். அசரியா தெலுங்கு கற்றுச் செய்ததை இவர்கள் ஓரளவு பிறப்பிலேயே பெற்றிருக்கிறார்கள்.

சட்டத்தின் கதவுகள் பெரும்பாலும் திறந்துவிட்டன என்றோம். ஆயினும் எல்லாம் முடிந்துவிட்டதாகக் கருதலாகாது. பெண் ஆயரைப் பெரிய சபைக்கு அனுப்பத் தயங்குவதும், தனிச்சபை கொடாமல் அலுவலகத்திலோ பள்ளியிலோ அமர்த்துவதும், திருமணத்திற்கு வேறோர் ஆயரை நாடுவதும் பேசப்படும் குறைகளே. இவற்றை எந்தத் திருச்சபைச் சட்டமும் ஒரே நாளில் மாற்ற முடியாது. ஏனெனில் இந்தக் கதவின் தாழ் இலண்டனிலோ கல்கத்தாவிலோ நாகபுரியிலோ இல்லை. அது சபைக் குழு கூடும் சிறிய அறையிலே இருக்கிறது. நேற்றுவரை ஞாயிறு பள்ளியில் நம் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன பக்கத்து வீட்டு மகள் நாளை அப்பத்தை எடுத்து நீட்டினால் கைநீட்டி வாங்குவோமா என்பதே அங்கே தீர்க்கப்படவேண்டிய வினா.

ஆரோன் பட்டம் பெறுமுன் உபதேசியார். கிறிஸ்டியன் டேவிட்டும் அவ்வாறே. லீ டிம் ஓய் முன்னரே ஒரு சபையைத் தாங்கி நின்றவர். ஒவ்வொரு முறையும் பணி முன்னே நடந்தது. பட்டம் காலந்தாழ்த்திப் பின்னே வந்து சேர்ந்தது. தாழ்த்திய காலத்தின் விலையைக் கொடுத்தவர்கள் அன்னாளைப் போன்றவர்களும், பெயர் தெரியாத பைபிள் அம்மாமாருமே. விக்ரோலியின் ஏதோவொரு வீட்டுக்கூடத்திலே இன்றும் ஒரு பெண் ஜெபக்கூட்டம் நடத்திக்கொண்டிருப்பாள். அவள் செய்வது என்ன பணி என்பதை அவள் சபையார் நன்கு அறிவர். அதற்குரிய பெயரை அவளுக்கு வழங்க இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்களும் அவர்களே.